27 மதிப்பெண் வாங்கிய அப்பா மாலை மாத்திரையை ஏன் மறக்கிறார்?

வாசகர் கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. ஓய்வு பெறும்வரை கணக்கு வேலை பார்த்தவர், இப்போதும் பழைய விஷயங்களை நாள் கிழமையோடு சொல்வார். ஆனால் ஒரு வருடமாக, "சாயங்காலம் மாத்திரை போட்டுடுங்கப்பா" என்றால் "சரிம்மா" என்கிறார், போடுவதில்லை. சில நாள் போட்ட மாத்திரையையே மறுபடி போட்டிருக்கிறார். யாராவது போனில் சொல்லி வைக்கும் தகவல் எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. டாக்டரிடம் போனோம், நினைவுப் பரிசோதனையில் 30-க்கு 27 வாங்கினார், வயசுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார்கள். அண்ணன், "அப்பா நம்ம பேச்சை மதிக்கிறதில்லை, அவ்வளவுதான்" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாதிரி மறதிக்கென்று தனிப் பரிசோதனை உண்டா? வீட்டிலேயே பார்க்க முடியுமா? இது டிமென்ஷியாவின் ஆரம்பமா?

பதில்:

வணக்கம். உங்கள் அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்களில் இந்த ஒரு சண்டையிலேயே மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. நேற்று நடந்ததை மறந்தால் "பாவம், வயசாயிடுச்சு" என்கிறோம். நாளைக்குச் செய்ய வேண்டியதை மறந்தால் "அக்கறை இல்லை" என்கிறோம். முதலாவது மூளையின் குறையாகத் தெரிகிறது, இரண்டாவது குணத்தின் குறையாகத் தெரிகிறது. ஆனால் இரண்டாவதும் மூளை செய்கிற வேலைதான், சொல்லப்போனால் முதலாவதைவிடக் கடினமான வேலை. "சரிம்மா" என்று சொன்ன அந்த நிமிடத்தில் அப்பா மாத்திரை போடுவதாகத்தான் நினைத்திருப்பார். மாலை ஆறு மணிக்கு அந்த நினைப்பு தானாக எழுந்து வரவேண்டும், அது வரவில்லை. அதை எதிர்த்துப் பேசுவது, மதிக்காமல் இருப்பது என்றெல்லாம் எடுத்துக்கொள்ள முகாந்திரமே இல்லை.

அந்த 27 மதிப்பெண்ணுக்கு வருவோம். அது பொய் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. பொதுவாகச் செய்யப்படும் சுருக்கப் பரிசோதனைகள் இரண்டு: 1975-இல் வந்த மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன், 2005-இல் வந்த மாக்கா எனப்படும் மான்ட்ரியால் பரிசோதனை. இரண்டுக்கும் முழு மதிப்பெண் 30. இரண்டிலும் சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறு ஏதேதோ கேட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் முன்னாடி சொன்ன வார்த்தைகளைச் சொல்லுங்க" என்பார்கள். கவனியுங்கள், நினைவுபடுத்தும் வேலையை அங்கே பரிசோதகரே செய்துவிடுகிறார்: இப்போது நினைவுகூர வேண்டும் என்று அவர்தான் சொல்கிறார். நிஜ வாழ்க்கையில் ஆறு மணிக்கு யாரும் வந்து "இப்போது உங்களுக்கு ஏதோ ஞாபகம் வரவேண்டுமே" என்று கேட்பதில்லை. கையில் இருக்கும் வேலையைத் தானே நிறுத்தி, தானே நினைத்து, தானே எழுந்து போய்ச் செய்வது என்ற அந்தத் திறனுக்கு இந்த இரண்டு பரிசோதனைகளிலும் ஒரு கேள்விகூட இல்லை. அதனால் ஒருவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டில் தடுமாறுவது முழுக்க முழுக்க நடக்கக்கூடியது. நீங்கள் கவனித்தது சரி, பரிசோதனையும் சரி, இரண்டும் வெவ்வேறு விஷயத்தைப் பார்த்திருக்கின்றன.

நீங்கள் கேட்கும் திறனுக்கு, அதாவது பின்னால் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் தானே நினைத்துச் செய்வதற்கு, ப்ராஸ்பெக்டிவ் மெமரி என்று பெயர். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், சீக்கிரம் புரியும். இது ஒரே திறன் மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல படிகள் இருக்கின்றன. முதலில் நீங்கள் சொன்னது காதில் விழுந்து, செய்கிறேன் என்ற எண்ணமாகப் பதியவேண்டும். அது மணிக்கணக்கில், வேறு வேலைகளுக்கு நடுவே, பின்னால் எங்கோ இருக்கவேண்டும். உரிய நேரமோ அடையாளமோ வரும்போது "இப்போது ஏதோ செய்யவேண்டும்" என்று தட்டவேண்டும். அந்த ஏதோ என்ன என்பதும் சேர்ந்து வரவேண்டும். செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு எழவேண்டும். கடைசியாக, செய்துவிட்டோம் என்பதும் பதிய வேண்டும், இல்லையென்றால் மறுபடி செய்வோம். உங்கள் அப்பா சில நாள் மாத்திரையே போடாததும், சில நாள் இரண்டு முறை போட்டதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம், ஆனால் முன்னது நடுப்படியில் விழுந்த ஓட்டை, பின்னது கடைசிப் படியில் விழுந்தது. நல்ல பரிசோதனை என்றால் எந்தப் படி உடைகிறது என்று காட்டவேண்டும். வெறுமனே "குறைவு" என்று ஒரு எண் தருவதால் குடும்பத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது என் திடமான கருத்து.

பரிசோதனை அறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னால் ஒரு வார்த்தைப் புதிர்த் தாளை வைத்து, எழுத்துக் கூட்டத்தில் வார்த்தைகளைத் தேடச் சொல்கிறோம். தேடுவது போலிவேலை இல்லை, கவனத்தை உண்மையிலேயே பிடித்துவைக்க வேண்டும், அதுதான் அதன் நோக்கம். அதற்கு முன்பே, "இந்த மணி அடிக்கும்போது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போ என்று என்னைக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறோம். 20 நிமிடம் கழித்து மணி அடிக்கிறது. ஒருவர் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், நெற்றியைத் தேய்க்கிறார், "ஏதோ கேட்கச் சொன்னீங்களே... என்னன்னு தெரியலையே" என்கிறார். இன்னொருவர் நிமிரவே இல்லை, மணி நின்றதும் அடுத்த வார்த்தையை வட்டமிடுகிறார். எல்லாம் முடிந்த பிறகு, "மணி அடிச்சா என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்டால் தயங்காமல், "அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போன்னு கேட்கச் சொன்னீங்க" என்கிறார், சொன்ன மறுகணம் முகம் மாறுகிறது, தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. மூன்றாவதாக ஒருவர், "அப்படியெல்லாம் நீங்க எதுவும் சொல்லலையே" என்கிறார், அவருக்கு நாலைந்து விடைகளை வரிசையாகச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் எதுவும் பரிச்சயமாகத் தோன்றுவதில்லை.

மதிப்பெண் தாளில் மூவருக்குமே பூஜ்யம் விழலாம். ஆனால் மூன்றும் மூன்று கதைகள். முதல்வருக்குத் தட்டல் வந்தது, உள்ளடக்கம் போனது. இரண்டாமவருக்கு உள்ளடக்கம் பத்திரமாக இருந்தது, தட்டல் வரவில்லை. மூன்றாமவருக்குப் பதிவே நிற்கவில்லை. மூன்றாவது வகை, ஹிப்போகேம்பஸ் எனும் பகுதியைச் சார்ந்த பொதுவான நினைவு மண்டலம் பாதிக்கப்படும் அல்சைமர் போன்ற நிலைகளில் அதிகம் காணப்படுவது. இரண்டாவது வகையில், மூளையின் முன்பகுதி செய்யும் கண்காணிப்பு வேலையில் சிக்கலா என்று பார்ப்போம். பார்க்கின்சன் நோயிலும், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பாதிப்புகளிலும் இந்தச் சாயல் தெரியும். இதை வைத்து மட்டும் நோயைச் சொல்லிவிட முடியாது, பல நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும், ஆனாலும் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்ற திசை கிடைக்கும்.

சரி, இதற்கான பரிசோதனைகள். நான் மேலே சொன்ன மணிச் சோதனை, பார்பரா வில்சன், ஜேனட் காக்பர்ன், ஆலன் பாட்லி மூவரும் 1985-இல் வெளியிட்ட ரிவர்மீட் பிஹேவியரல் மெமரி டெஸ்டில் உள்ளது. அதில் நோயாளியின் சொந்தப் பொருள் ஒன்றை, சீப்போ பேனாவோ, வாங்கி ஒளித்துவைத்து, முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அறைக்குள் ஒரு வழித்தடத்தில் நடந்து போய் ஒரு கடித உறையைக் குறிப்பிட்ட இடத்தில் வைக்கவும் சொல்வார்கள். அது பொதுவான நினைவுப் பரிசோதனை, இந்தத் திறன் அதில் ஒரு பகுதிதான். இதற்கென்றே உருவானது 2005-இல் வந்த கேம்பிராம்ப்ட். அதில் ஆறு வேலைகள், மூன்று கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டியவை, மூன்று ஏதாவது நடக்கும்போது செய்ய வேண்டியவை. எனக்கு அதில் பிடித்தது, விரும்பினால் குறிப்பு எழுதிக்கொள்ள நோயாளியை அனுமதிப்பது. தாளும் பேனாவும் மேசையில் இருக்கிறது, ஒருவர் எழுதிவைத்துக்கொள்கிறாரா, எழுதியதைத் திரும்பப் பார்க்கிறாரா என்பதைப் பார்த்தாலே அவருக்குக் காலண்டர் கொடுத்தால் பயன்படுமா என்பது பாதி தெரிந்துவிடும். மிஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லும் மெமரி ஃபார் இன்டென்ஷன்ஸ் டெஸ்ட் இன்னொன்று. எட்டு வேலைகள், சிலவற்றுக்கு 2 நிமிட இடைவெளி, சிலவற்றுக்கு 15 நிமிடம். இறுதியில், செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெரிவுகளிலிருந்து அடையாளம் காணச் சொல்லும் பகுதியும் உண்டு. மறுநாள் போன் செய்து எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று சொல்லவேண்டும் என்று வீட்டுக்கு ஒரு வேலையும் கொடுத்தனுப்புவார்கள். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையின் பெயரிலுள்ள சிறிய சோதனையிலும் இதே மாதிரி வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டியவை உண்டு. நேரம் குறைவாக உள்ள இடங்களில் அது உதவும்.

கடிகாரம் பார்த்துச் செய்வதையும், ஒன்று நடக்கும்போது செய்வதையும் ஏன் பிரிக்கிறோம் என்று கேட்கலாம். உங்கள் விஷயத்தில் இது முக்கியம். "அம்மா வந்ததும் இதைச் சொல்லுங்க" என்றால் அம்மாவின் முகமே நினைவூட்டல். "ஆறு மணிக்கு மாத்திரை" என்றால் வெளியே எதுவும் இல்லை, அவரே அவ்வப்போது மணி பார்க்கவேண்டும். சோதனையின்போது நோயாளிக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், திரும்பினால்தான் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டு, எத்தனை முறை திரும்புகிறார் என்று எண்ணுவோம். நன்றாக இருப்பவர் ஆரம்பத்தில் எப்போதாவது பார்ப்பார், நேரம் நெருங்க நெருங்க அடிக்கடி பார்ப்பார். சிலர் தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, தேவைப்படும் கடைசி நிமிடங்களில் திரும்புவதே இல்லை. எண்ணம் எந்த இடத்தில் கைநழுவியது என்பது அந்தக் கழுத்துத் திருப்பங்களில் கண்கூடாகத் தெரியும். மாலை மாத்திரை மட்டும் போகிறது, காலை மாத்திரை போகவில்லை என்றால் அதற்கும் இதே காரணம் இருக்கலாம். காலையில் பல் தேய்த்தல், உணவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் வரும், அதில் மாத்திரை ஒட்டிக்கொள்ளும். மாலைக்கு அப்படி ஒரு சங்கிலி பலருக்கு இருப்பதில்லை. உங்கள் கடிதத்தில் காலை மாத்திரை பற்றி எதுவும் இல்லை, அதைக் கவனித்துப் பாருங்கள்.

ஒன்று நடக்கும்போது செய்யும் வேலைகளிலும் இரண்டு தினுசு உண்டு, இது கொஞ்சம் நுட்பமான விஷயம், ஆனால் ஆரம்பக் கட்டத்தைக் கண்டுபிடிப்பதில் இதுதான் கைகொடுக்கிறது. கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் 1990-லிருந்து செய்துவந்த ஆய்வுகளின் வழியில் தெளிவானது இது. நினைவூட்டும் அடையாளம் நீங்கள் ஏற்கனவே கவனித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்குள்ளேயே இருந்தால், உதாரணமாக வார்த்தைகளின் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு குறிப்பிட்ட வார்த்தை வந்தால் பொத்தானை அழுத்தவேண்டும் என்றால், எண்ணம் பெரும்பாலும் தானாகவே மேலே வந்துவிடும். ஆரோக்கியமான முதியவர்கள் இதில் இளையவர்களைவிட அவ்வளவாகப் பின்தங்குவதில்லை. அடையாளம் கவனத்துக்கு வெளியே இருந்தால், அதாவது பொருளைப் பார்க்கும் வேலையில் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கை வருகிறதா என்று தனியாகக் கண்காணிக்கவேண்டும் என்றால், வயதானாலே எல்லோருக்கும் தடுமாற்றம் அதிகம். ஆகவே கடினமான வகையில் மட்டும் தவறினால் அது வயதின் வேலையாக இருக்கலாம். எளிய வகையிலேயே, கண்ணெதிரே அடையாளம் வந்து நின்றும் எண்ணம் எழவில்லை என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிக ஆரம்ப அல்சைமர் நிலையில் இருப்பவர்கள் இந்த எளிய வகையிலேயே பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு உடனே பயந்துவிடாதீர்கள். பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்ட பல ஆயிரம் பேரிடம் நடத்தி 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் உறையைக் கொடுக்கும்போது அதை ஒட்டிப் பின்புறம் தன் பெயரின் முதலெழுத்துக்களை எழுதவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நினைவூட்டாமல் சரியாகச் செய்தவர்கள் 54 சதவீதம்தான். மீதிப் பேர் எல்லோருக்கும் டிமென்ஷியா இல்லை. மங்கலான கண், கேட்காத காது, சோதனை என்றதும் வரும் பதற்றம், இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற சலிப்பு, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். இன்னொரு வினோதமும் உண்டு: ஆய்வுக்கூடத்தில் இளைஞர்களிடம் தோற்கும் முதியவர்கள், வீட்டில் குறித்த நேரத்தில் போன் செய்வது போன்ற நிஜ வேலைகளில் இளைஞர்களுக்குச் சமமாகவோ, அவர்களைவிட நன்றாகவோ செய்கிறார்கள். பீட்டர் ரெண்டலும் டொனால்ட் தாம்ஸனும் 1999-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒழுங்கான தினசரி வழக்கம், காலண்டர், சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்ற பொறுப்பு என்று பல காரணம் சொல்கிறார்கள். இதன் பொருள் உங்களுக்கு இதுதான்: சோதனை அறையில் தவறுவதைவிட, வாழ்நாளெல்லாம் நேரம் தவறாத கணக்குக்காரர் ஒருவர் தன் சொந்த வீட்டில், தன் சொந்த வழக்கத்துக்குள் தவற ஆரம்பிப்பது எனக்குப் பெரிய செய்தி. முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான், எந்தப் பரிசோதனைத் தாளும் இல்லை.

வீட்டில் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பார்க்கலாம், ஆனால் அவருக்குத் தெரியாமல் பொறி வைத்துப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். அது தெரிந்த நாளில் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போய்விடும், பிறகு எந்த டாக்டரிடமும் வரமாட்டார். அதேபோல் மருந்தை வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள், அது மறந்தால் உடனே சொல்லிவிட வேண்டிய விஷயம். "அப்பா, உங்க மறதி எந்த மாதிரின்னு டாக்டர்கிட்ட சரியாச் சொல்லணும், ரெண்டு வாரம் சேர்ந்து குறிச்சு வைப்போமா" என்று கேளுங்கள். கணக்குப் பார்த்தவர், பதிவேடு என்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரு நோட்டில், என்ன செய்ய நினைத்தார், யார் சொன்னது, கடிகாரம் சார்ந்ததா நிகழ்ச்சி சார்ந்ததா, கண்ணெதிரே ஏதாவது அடையாளம் இருந்ததா, கடைசியில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதியை நுணுக்கமாக எழுதவேண்டும். "மறந்தார்" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. தாமதமாகத் தானே நினைத்துக்கொண்டாரா, "ஏதோ ஒண்ணு இருந்ததே" என்றாரா, சொன்னதும் "ஆமாம், அடடா" என்றாரா, சொன்ன பிறகும் "அப்படி ஒண்ணும் நீ சொல்லலையே" என்றாரா, செய்ததையே திரும்பச் செய்தாரா, எழுந்து போனவர் வழியில் வேறு வேலையில் இறங்கிவிட்டாரா.

அபாயமில்லாத இரண்டு வேலைகளையும் அவ்வப்போது சேர்த்துக்கொள்ளலாம். "நான் சாயங்காலம் போன் பண்ணும்போது இன்னைக்கு யார் வந்தாங்கன்னு நீங்களாவே சொல்லுங்க" என்பது ஒன்று, இதில் உங்கள் குரலே அடையாளம். "7 மணிக்கு நீங்க எனக்கு போன் பண்ணுங்க" என்பது மற்றொன்று, இதில் அடையாளம் எதுவும் இல்லை. தவறினால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் "நான் எதாவது கேட்டிருந்தேனா அப்பா?" என்று பொதுவாக, பிறகு "போன் சம்பந்தமா" என்று சின்னக் குறிப்பாக, அதற்கும் வராவிட்டால் முழுதாக. எந்தக் கட்டத்தில் நினைவு வந்தது என்பதை எழுதுங்கள். நாங்கள் அறையில் செய்வதன் சாரம் இதுதான். ஆனால் இதற்கு மதிப்பெண் போட்டு நீங்களே முடிவுகட்ட வேண்டாம், நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

டாக்டர் ஒரு கேள்வித்தாளும் கொடுக்கலாம். பி.ஆர்.எம்.க்யூ. என்ற தாளில் 16 கேள்விகள், எட்டு செய்ய வேண்டியதை மறப்பது பற்றி, எட்டு நடந்ததை மறப்பது பற்றி. அவரே நிரப்ப ஒன்று, கூட இருப்பவர் நிரப்ப ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேசும். மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்கள் மறதியை அதிகமாகச் சொல்வார்கள், அல்சைமர் ஆரம்பித்தவர்களில் பலர் தங்களுக்குக் குறையே தெரியாமல் குறைத்துச் சொல்வார்கள். கவனிப்பவர் களைத்துப்போயிருந்தால் அவர் பதிலும் கூடுதலாகவே வரும், அதனால் அண்ணனும் தனியாக ஒரு தாள் நிரப்பட்டும், உங்கள் தாளைப் பார்க்காமல்.

சரிசெய்யக்கூடிய காரணங்களை விட்டுவிட்டு இவ்வளவும் பேசிப் பயனில்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் திணறி உடையும் தூக்கம், காது கேளாமை இவையெல்லாம் இதே மாதிரி மறதியைத் தரும். மருந்துகளும் தரும்: தூக்க மாத்திரைகளில் பல, சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சளி அலர்ஜிக்குக் கடையில் கேட்டே வாங்கும் பழைய வகை மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் ஆகியவை வயதானவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தானே வாங்கிப் போடுவது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இன்னொன்று, இந்த மறதி ஓரிரு நாளில் திடீரென மோசமானால், கூடவே குழப்பமோ அரைத்தூக்கமோ இருந்தால், அது வேறு விஷயம். கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எந்தப் படி உடைகிறது என்பது தெரிந்தால் உதவியும் அதற்கேற்ப மாறும். தட்டல்தான் வரவில்லை என்றால் அலாரம் போதும். தட்டல் வந்து உள்ளடக்கம் போகிறவருக்கு வெறும் அலாரம் தொல்லைதான், "எதுக்கு அடிக்குது" என்று அணைத்துவிடுவார். அவருக்கு அலாரத்தோடு என்ன செய்யவேண்டும் என்பதும் குரலாகவோ எழுத்தாகவோ வரவேண்டும். பதிவே நிற்காதவருக்கு எந்தக் கருவியும் தனியாகப் போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நான் இப்போதைக்குச் சொல்வது, மாத்திரையைக் கடிகாரத்திலிருந்து பிரித்து, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலில் கட்டிவிடுங்கள். "மாலைச் செய்தி ஆரம்பித்ததும் மாத்திரையை எடுப்பேன்" என்று அவர் வாயாலேயே, எப்போது, எங்கே, என்ன என்று முழு வாக்கியமாகச் சொல்லி, அந்தக் காட்சியைக் கண்ணை மூடி ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிப் பரவலாக்கிய முறை இது. எளிமையாகத் தெரிந்தாலும் முதியவர்களிடம் பலனளிப்பதாகப் பல ஆய்வுகள் உள்ளன.

அலாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஐன்ஸ்டைன், மெக்டேனியல் குழுவின் ஆய்வுகளில், நினைவு வந்துவிட்ட பிறகும் செய்வதற்கு 10 வினாடி தள்ளிப்போனாலே முதியவர்கள் பலருக்கு அந்த எண்ணம் நழுவியது. கூடத்தில் போனில் அலாரம் அடிக்கிறது, அணைக்கிறார், மாத்திரை உள்ளறை அலமாரியில், போகும் வழியில் யாரோ கூப்பிடுகிறார்கள், போச்சு. அலாரமும் மாத்திரையும் தண்ணீரும் ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாத்திரை கையில் எடுத்த பிறகுதான் அலாரத்தை அணைப்பது என்று வழக்கமாக்குங்கள். இரண்டு முறை போடுவதுதான் எனக்கு அதிகக் கவலை. அதற்குக் கிழமையும் வேளையும் எழுதிய அறைகளுள்ள மாத்திரைப் பெட்டி வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் நிரப்பிவிட்டு, மீதி மாத்திரை அட்டைகளை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, அவ்வளவுதான், யாரும் யாரையும் விசாரிக்க வேண்டாம். ஏற்கனவே இரட்டிப்பாகப் போட்டது சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்கத் தருவதோ, இதய மாத்திரையோ என்றால், மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இது டிமென்ஷியாவா? கடிதத்தை வைத்து யாரும் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தன் அன்றாட வேலைகளைத் தானே நடத்திக்கொள்ள முடியாத அளவுக்குச் சிந்தனைத் திறன்கள் குறைந்தால்தான் அந்தப் பெயர். குறைவு இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலும் சமாளிக்கிறார் என்றால் லேசான அறிவாற்றல் குறைபாடு என்ற இடைப்பட்ட நிலை. அதில் இருப்பவர்களில் சிலருக்கு டிமென்ஷியாவாக மாறுகிறது, சிலருக்கு அப்படியே நிற்கிறது, சிலர் மீண்டும் இயல்புக்கு வருகிறார்கள். இந்தப் பரிசோதனை மட்டும் அதைத் தீர்மானிக்காது, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முழுமையான நரம்பு உளவியல் மதிப்பீடு, நீங்கள் சொல்லும் வரலாறு எல்லாம் சேரவேண்டும். ஆனால் ஒரு வருடமாக மாற்றம் தெரிகிறது, மருந்து விஷயத்தில் தவறு நடக்கிறது என்பதே முழு மதிப்பீடு கேட்கப் போதுமான காரணம். 27 இருக்கிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால் நோட்டைக் காட்டுங்கள்.

நரம்பு உளவியலாளரிடம் போகும்போது கேட்க வேண்டியவை சில. அப்பா நினைப்பது எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே சோதனை நடக்கட்டும். இந்தப் பரிசோதனைகளின் எல்லைக்கோட்டு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்களிடமிருந்து வந்தவை, மொழிபெயர்த்துச் செய்யும்போது எண்ணை அப்படியே நம்பாமல் எந்த வகைத் தவறு என்பதற்கே அதிக மதிப்புக் கொடுக்கவேண்டும், அதை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்காமல் கூடவே போகட்டும், அப்பா தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி பார்க்கும்போது அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டால் பழக்கத்தால் நன்றாகச் செய்துவிட வாய்ப்புண்டு. கேம்பிராம்ப்ட், மிஸ்ட் இரண்டிலும் இணையான மாற்று வடிவங்கள் இருக்கின்றன, இந்த முறை எந்த வடிவம் பயன்படுத்தினார்கள் என்பதை உங்கள் நோட்டிலேயே குறித்துவையுங்கள்.